டேஷ்போர்டைக் கழற்ற வேண்டாம்

மார்ச் 4

அன்புள்ள வயர்மேனுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். அந்த மலைமேல் சளி பிடித்தால் வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

கடிதம்தான் என்று நாம் முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று. வாரத்துக்கு ஒருநாள் நீங்கள் அடிவாரத்துக்கு இறங்கி வந்து, கிடைக்கிற சிக்னலில் இருவரும் கத்திக் கத்திப் பேசி, பாதியில் கட்டாகி, மீதியைச் சண்டையாகக் கற்பனை செய்துகொண்டு படுப்பதைவிட இது எவ்வளவோ மேல். அணை வேலை முடிகிறவரை இப்படியே ஓட்டுவோம்.

தங்கை துணிக்கடையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டாள். ஃபோன் எடுப்பது, விலாசம் கேட்பது, வாஷிங் மெஷினின் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடிப்பது எல்லாம் அவள்தான். "ரிப்பேர் வேலைன்னு சொல்லித்தானே கூப்பிட்டே, மல்யுத்தம்னு சொல்லலியே அக்கா" என்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வண்டியில் அவள் இருந்தால் தூரம் போவதே தெரிவதில்லை.

இப்போது விஷயம். சர்வீஸ் வண்டியில் கேபின் லைட் எரியவில்லை. ஃபோன் சார்ஜ் போடுகிற சாக்கெட்டும் செத்துவிட்டது. ரேடியோவும் ஊமை. ஃப்யூஸ்தான் என்று தெரிகிறது. வாஷிங் மெஷினின் குடலையே உருவுகிறவள் நான். ஆனால் வண்டியின் வயரிங் உங்கள் ராஜ்ஜியம், எது எதற்குப் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள். எப்படிப் பாதுகாப்பாக மாற்றுவது என்று விவரமாக எழுதுங்கள்.

உங்கள்,
மெக்கானிக்


மார்ச் 12

என் அன்பு மெக்கானிக்குக்கு,

உன் கடிதம் வந்தபிறகுதான் உயிர் வந்தது. வண்டி எங்கே, நீ எங்கே என்று ஒன்றும் தெரியாமல் தவித்துப்போனேன்.

பயப்படாமல் செய். முதலில் வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, சாவியைத் திருப்பி வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொள். லைட், ஃபேன், சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிடு. ஸ்டியரிங்குக்குக் கீழே, உன் இடது முழங்காலுக்கு நேராக ஒரு மூடி இருக்கும். அதன் உள்பக்கத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருக்கிறது. நீ தேடுவது சிவப்பு, பத்து ஆம்பியர். மூடியிலேயே பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று சொருகியிருக்கும், அதைக்கொண்டு ஃப்யூஸைப் பிடித்து நேராக இழு. குறடு போடாதே. வெளிச்சத்தில் பார், நடுவில் இருக்கிற கம்பி அறுந்திருந்தால் போய்விட்டது என்று அர்த்தம்.

போன இடத்தில் அதே அளவுதான் போட வேண்டும். சிவப்புக்குச் சிவப்பு. கையில் இல்லையென்றால் இல்லை. பெரிய ஃப்யூஸ், வயர் துண்டு, சிகரெட் பெட்டிக் காகிதம் எதையும் வைத்து ஒப்பேற்றாதே. ஃப்யூஸ் எரிவது வயர் எரியாமல் இருப்பதற்காக. மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ கோளாறு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திரும்பத் திரும்பப் போடுகிறவன் முட்டாள்.

பின்னால் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் இருப்பது ஃப்யூஸ் இல்லை, பிரேக்கர், லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்ச். அது விழுந்தால் அங்கே ஓடுகிற எல்லாவற்றையும் அணைத்து, சூடு ஆறவிட்டு, ஒரே ஒரு தடவை அழுத்திப் பார். நிற்கவில்லையென்றால் விட்டுவிடு. மல்லுக்கட்டாதே.

உடனே மாற்றிவிடு. தள்ளிப்போடாதே.

உன்,
வயர்மேன்


மார்ச் 21

அன்புள்ள வயர்மேனுக்கு,

லைட் எரிகிறது! தங்கை டார்ச் பிடித்துக்கொண்டு உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க, நான் ஒவ்வொன்றாகச் செய்தேன். "சாவியைப் பையில் போட்டுக்கொள்" என்ற இடத்தில் நிறுத்தி, "பை இல்லாத சுடிதாரா இருந்தா என்ன பண்றதுன்னு மாமா எழுதலியே" என்றாள். சிரித்துச் சிரித்து இடுக்கி கீழே விழுந்து, அதைத் தேடி எடுக்கவே வெகுநேரம் ஆயிற்று.

நேற்று ஒரு வீட்டில் மெஷின் தண்ணீரை வெளியேற்றவில்லை. பம்பைத் திறந்தால் பல்செட். அது காணாமல்போனதற்கு மருமகள்தான் காரணம் என்று வீட்டுக்காரப் பெரியவர் ஒரு வாரமாக அவளோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லையாம். கழுவிக் கொடுத்தோம். அங்கேயே மாட்டிக்கொண்டு, முதல் வேலையாக மருமகளைப் பார்த்து, "மன்னிச்சிடும்மா" என்றார். அந்தப் பெண் அழுதுவிட்டது.

பிரேக்கரும் ஒருமுறை விழுந்தது. தங்கை இன்வெர்ட்டரில் டிரில்லையும் சூடேற்றும் கருவியையும் ஒன்றாகப் போட்டுவிட்டாள். நீங்கள் சொன்னபடியே ஆறவிட்டு அழுத்தினேன், மறுபடி விழாமல் நின்றது. பக்கத்தில் நீங்களே இருந்து சொல்வதுபோல இருந்தது.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
மெக்கானிக்


ஏப்ரல் 6

அன்பு மெக்கானிக்குக்கு,

பல்செட் கதையைக் கேம்பில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்கும் பல்செட்.

ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. புதன்கிழமை மதியம் நீச்சல்குளத் தெருவில் உனக்கு என்ன வேலை? ஒவ்வொரு புதனும் நம் வண்டி அங்கேயே நிற்கிறதாமே. அந்தத் தெருவில் வீடுகளே கிடையாது, ரிப்பேருக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? என்னிடம் சொல்லக்கூடாத வேலையா?

இங்கே இரும்போடும் சிமெண்டோடும் கிடக்கிறவன் மனசு எங்கெங்கோ போகும். நீ புரிந்துகொள்வாய்.

உன்,
வயர்மேன்


ஏப்ரல் 14

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க ஒரு திருகாணியைக்கூட நேராகப் போட முடியவில்லை.

நீச்சல்குளத் தெருவில் என்ன வேலை? நீச்சல்தான். புதன்கிழமை மதியம் பெண்களுக்கு மட்டும் சொல்லித் தருகிறார்கள். கல்யாணமான புதிதில் ஒருமுறை ஆசைப்பட்டுக் கேட்டேன். "எருமை மாடு தண்ணியில இறங்கினா திரும்ப ஏறாது" என்று உங்கள் அண்ணன் முன்னால் கேலி செய்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது. அதனால்தான் சொல்லவில்லை. நீங்கள் திரும்பி வருவதற்குள் கற்றுக்கொண்டு, ஒருநாள் உங்களைக் கரையில் உட்காரவைத்து நீந்திக் காட்டலாம் என்று இருந்தேன். இப்போதுதான் மிதக்கவே வந்திருக்கிறது. சந்தோஷத்தை இப்படி விளக்கம்போலச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

இது தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். அவளைத் துணிக்கடைத் தெருவில் இறக்கிவிட்டுவிட்டுத்தான் நான் குளத்துக்குப் போவேன். வேறு ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. அவளா உங்களுக்குச் சொன்னாள்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சிவப்பு ஃப்யூஸ் மறுபடி போய்விட்டது. ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது, அதோடு லைட்டும் போயிற்று. நீங்கள் சொன்னதுபோல் காரணம் தேட வேண்டுமா?

உங்கள்,
மெக்கானிக்


ஏப்ரல் 22

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

நீச்சலா! இதைச் சொல்ல என்ன தயக்கம்? நான் என்ன வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்? பழைய கேலியை எல்லாம் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாயே.

யார் சொன்னால் என்ன? சொன்னவரைக் காட்டிக்கொடுப்பது என் வழக்கம் இல்லை. இது யாருக்குத் தெரியும் என்று நீயே எழுதியிருக்கிறாய், நீயே யோசித்துக்கொள். உன் வீட்டு ஆளைப் பற்றி நான் வாய் திறந்தால் நாளைக்கு நான்தான் பொல்லாதவன் ஆவேன்.

ஃப்யூஸ் விஷயம். புதிதாகச் சிவப்பு போடு. திரும்பப் போனால், இந்த ஒரு இடத்துக்கு மட்டும் நீலம், அதாவது பதினைந்து, போட்டுக்கொள். ஒன்றும் ஆகாது. பழைய வண்டி, குலுங்கினால் அப்படித்தான். காரணம் தேடுகிறேன் என்று டேஷ்போர்டைக் கழற்ற வேண்டாம். கொக்கி எல்லாம் உடைந்துவிடும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஃப்யூஸை மட்டும் உடனே போடு.

உன்,
வயர்மேன்


மே 2

அன்புள்ள உங்களுக்கு,

தங்கை போய்விட்டாள்.

வண்டியில் வைத்துத்தான் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது தவறு. "நான் சோறு போட்டு வேலையும் குடுத்தா, நீ அவருக்கு ஒற்று வேலை பாக்குறியா?" என்றேன். முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஏன் சொல்லப்போறேன்? உனக்கு நீச்சல் டிரஸ் வாங்கித் தந்ததே நான்தானே அக்கா."

"பின்னே அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? ஜோசியமா?"

"எனக்கென்ன தெரியும்? மாமாவையே கேளு."

"கேட்டாச்சு. அவர் உன் பேரைச் சொல்லாம மறைக்கிறார். அந்த அளவுக்கு அவருக்குப் பெருந்தன்மை இருக்கு. உனக்கு இல்லை."

சிக்னலில் வண்டி நின்றபோது கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான் வண்டியை எடுத்துவிட்டேன். துணிக்கடைத் தோழியோடு ஓர் அறையில் இருக்கிறாளாம். துணியை எடுக்க வந்தபோது நான் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை.

நீச்சலுக்கும் போவதில்லை. புதன்கிழமையானால் வேண்டுமென்றே தூரத்து வீடாகப் பார்த்து வேலை எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகப் போட்ட சிவப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. நீலம் போட்டிருக்கிறேன், நிற்கிறது. நீங்கள்தான் அளவு மாறக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். இருந்தாலும் வயரிங் போட்டவர் நீங்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வாஷிங் மெஷினைத் தனியாகத் தூக்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

உங்கள்,
மெக்கானிக்


மே 10

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

மனசைத் தளரவிடாதே. போனால் போகட்டும். கூடப் பிறந்தவள்தானே, கோபம் ஆறினால் தானாக வந்து சேர்வாள். அதுவரை தனியாக இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான். வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கும்.

முதுகுக்குத் தைலம் தடவு. கனமான வேலையை எடுக்காதே. நேற்று அடிவாரத்துக்குப் போயிருந்தேன், உன் நினைவாகவே இருந்தது. நீலம் நின்றது நல்லதாயிற்று. அப்படியே இருக்கட்டும்.

உன்,
வயர்மேன்


மே 19

உங்களுக்கு,

வண்டி எரியப் பார்த்தது.

நேற்று முன்தினம் காலையில், மேம்பாலத்துக்குக் கீழே, முன்னாலும் பின்னாலும் லாரிகள். டேஷ்போர்டு இடுக்கிலிருந்து முதலில் ஒரு நாற்றம். பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பிறகு புகை. கேபின் முழுக்கப் புகை. கண் தெரியவில்லை. ஓரத்துக்கு ஒதுக்கக்கூட இடம் இல்லை. இன்ஜினை அணைத்துக் கீழே குதித்து, பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினேன். ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது. பின்னால் இருந்த லாரிக்காரர் தீயணைப்பு சிலிண்டரோடு ஓடி வந்தார். "ஏம்மா, உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கத்தினார். என் பக்கத்து சீட்டைப் பார்த்து, இல்லை என்று சொன்னேன்.

அவர் சிலிண்டரை அடிக்க வேண்டியிருக்கவில்லை. பேட்டரியைக் கழற்றியதும் புகை நின்றுவிட்டது. வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் போட்டேன். நேற்றுப் பகல் முழுக்க உட்கார்ந்து டேஷ்போர்டைக் கழற்றினேன். ஒரு கொக்கியும் உடையவில்லை.

ரேடியோவுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. திறந்தேன், உள்ளே சிம் கார்டு. அதிலிருந்து நூல்போல மெல்லிய வயர் ஒன்று சிவப்பு ஃப்யூஸ் லைனில் சேர்கிறது. போகிற வழியில் இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசி உரசித் தோல் போய், செம்பு தெரிந்தது. அதுதான் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஃப்யூஸைத் தின்றது. பெரிய ஃப்யூஸ் போட்டதும் ஃப்யூஸ் தப்பித்துக்கொண்டது, வயர் எரிந்தது. வயரைக் காப்பாற்றத்தான் ஃப்யூஸ் என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.

ஜாயிண்டில் நீல டேப் சுற்றி, முனை மடித்துவிடப்பட்டிருந்தது, பிறகு பிரிக்கச் சுலபமாக. அப்படி மடிக்கிறவர் ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். புறப்படுவதற்கு முந்தின நாள் ரேடியோ சரியாகப் பாடவில்லை என்று வெகுநேரம் வண்டிக்குள் இருந்தீர்களே. நான் இரண்டு தடவை டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

வாரத்துக்கு ஒருநாள் அடிவாரத்துக்கு இறங்கியதும் அந்த வாரம் முழுக்க நான் எங்கே போனேன் என்று அந்தப் பெட்டி வழியாக ஃபோனில் பார்த்திருக்கிறீர்கள். என்னோடு பேசத்தான் சிக்னல் இல்லை.

உளவு பார்த்ததைக்கூட ஒரு பக்கம் வைக்கிறேன். புதனன்று வண்டி அங்கே நிற்கிறது என்று எழுதியிருந்தால் ‘இவருக்கு எப்படித் தெரியும்’ என்று யோசித்திருப்பேன். ‘நிற்கிறதாமே’ என்று எழுதினீர்கள். யாரோ சொன்னதுபோல. நான் தங்கையா என்று கேட்டேன். இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும். நீங்கள் எழுதவில்லை. என் வாயாலேயே அவளைத் திட்டவைத்து, என் கையாலேயே அவளை நடுரோட்டில் இறக்கவைத்து, ‘போனால் போகட்டும்’ என்று ஆறுதலும் சொன்னீர்கள்.

அப்புறம் அந்த நீலம். யார் வண்டிக்கும் நீங்கள் அளவு மாற்றிப் போட்டதில்லை. பெட்டி செத்துவிடக் கூடாது என்பதற்காக எனக்குப் போடச் சொன்னீர்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நீங்கள் மேய்ந்துவிட்டுத் தீயும் வைத்திருக்கிறீர்கள்.

இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். பொய் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
மெக்கானிக்


மே 28

என் உயிருக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வயர் அப்படி உரசும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. அவசரத்தில் போட்டது. அதற்கென்று தனி ஃப்யூஸ் வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. தப்புதான்.

ஆனால் நீ நினைக்கிறபடி இல்லை. வண்டி திருட்டுப் போனால் கண்டுபிடிக்கலாம் என்றுதான் வாங்கினேன். எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்! அப்புறம் பார்க்க ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது. நீ ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போவதைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். இதைப் பாசம் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? நம்பிக்கை இல்லாமல் இல்லை. பயம். தனியாக வண்டி ஓட்டுகிற பொண்டாட்டியை நினைத்து எந்தப் புருஷன் பயப்படாமல் இருப்பான்?

உன் தங்கை பெயரை நான் எங்கேயும் சொல்லவில்லை. என் கடிதங்களை எடுத்துப் பார். நீயாகத்தான் சொன்னாய், நீயாகத்தான் சண்டை போட்டாய். அதற்கும் நானா பொறுப்பு?

சரி, எல்லாவற்றையும் நேரில் பேசிக்கொள்வோம். லீவு கிடைத்துவிட்டது. ஜூன் இருபதாம் தேதி மதிய பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்துவிடு. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் தெம்பு வரும், என் முகத்தைப் பார்த்தால் உனக்கும் கோபம் போய்விடும்.

உன்,
வயர்மேன்


ஜூன் 8

உங்களுக்கு,

உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். தங்கை பெயர் எங்கேயும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபத்தில் எழுதியதல்ல, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்து எழுதியிருக்கிறீர்கள். பெயர் சொல்லி நேராகப் பொய் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன்.

அவள் அறைக்குப் போனேன். மாடிப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புப் பெட்டியையும் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"மாமா பண்ணது அவரோட. அதை அவர்கிட்ட கேட்டுக்கோ. ஆனா நீ என்னைக் கேக்கவே இல்லியே அக்கா. முடிவு பண்ணிட்டு வந்து சொன்னே."

"ஆமா" என்றேன்.

"அவர் சொன்னா நம்புவே. நான் சொன்னா ஜோசியமா?"

"அடிக்கணும்னா அடிச்சுடு."

"அடிச்சா என் கைதான் வலிக்கும்" என்று உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். இந்த வாரம் வேலைக்கு வந்திருக்கிறாள். முன்போல வாயடிப்பதில்லை. வீட்டுக்காரர்கள் முன்னால் என்னை ‘மேடம்’ என்கிறாள். அது மாற நாளாகும், மாறாமலும் போகலாம். நான் காத்திருக்கிறேன்.

எரிந்த வயர் முழுவதையும் உருவி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். ஒவ்வொரு இணைப்பையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சிவப்புதான் போட்டிருக்கிறேன். அதே ரோட்டில், அதே பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினேன். போகவில்லை.

பாசம் என்று எழுதியிருந்தீர்கள். பயம் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு மேம்பாலத்துக்குக் கீழே புகைக்குள் கதவுக் கைப்பிடியைத் தேடினேனே, அப்போது எனக்கு வந்ததுதான் பயம். உங்களுக்கு இருந்தது வேறு. அதற்கு என்ன பெயர் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். யோசித்தாலும் எனக்கு எழுத வேண்டாம்.

வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் துணிமணி, கருவிகள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. என்னுடையவற்றை எடுத்துக்கொண்டுவிட்டேன். வண்டி என் பெயரில் இருக்கிறது, என்னோடு இருக்கும். எங்கே தங்கியிருக்கிறேன் என்று உறவுக்காரர்களைக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள், ஒருவருக்கும் தெரியாது.

இருபதாம் தேதி மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியாது. அன்று எனக்கு வேலை இருக்கிறது. எந்தத் தெருவில் என்று எழுதவில்லை.

மெக்கானிக்